நேரலை வணிக மென்பொருள் திணறுகிறதா? மொழியை மாற்றும் முன் அறிகுறியைப் பாருங்கள்

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று கடை முதலாளி போன் போட்ட மறுநாளே அலுவலகத்தில் கூட்டம் நடக்கும். ஒருவர் "பைத்தானை விட்டுட்டு கோ-வுக்குப் போயிடலாம்" என்பார். இன்னொருவர் "நடுவுல காஃப்கா போட்டா சரியாயிடும்" என்பார். (பைத்தானும் கோ-வும் நிரலாக்க மொழிகள்; காஃப்கா என்பது நிகழ்வுகளை வரிசையாக வைத்து நிரல்களுக்கு இடையே கடத்தும் கருவி.) எங்கே நேரம் போகிறது என்று அளந்து பார்த்தவர் அந்த அறையில் ஒருவரும் இருக்க மாட்டார்.

பல கிளைகள் உள்ள மளிகை, ஜவுளி, உணவகம், விநியோகம் போன்ற தொழில்களுக்கான மென்பொருளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு கவுண்ட்டரில் பில் போட்டால் இன்னொரு திரையில் ஸ்டாக் குறைய வேண்டும். ஆர்டர் வந்தால் சமையலறையில் தெரிய வேண்டும். இவற்றில் வரும் திணறல்களில் பெரும்பாலானவற்றுக்கு நிரலாக்க மொழி காரணமே இல்லை. சிலவற்றுக்குக் கருவியேதான் காரணம். இரண்டையும் பிரித்துப் பார்க்க, புகாரிலிருந்து தொடங்குவது நல்லது. உங்களுக்கு வந்த புகாரை ஒத்த தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. எத்தனை விநாடி தாமதமானால் வியாபாரத்துக்கு நட்டம்? கார் ஏர்பேக்கில் மில்லி விநாடி பிசகினாலும் உயிர் போகும். கடை மென்பொருள் அந்த ரகம் அல்ல. சமையலறைத் திரைக்கு 2 விநாடி தாராளம். கிளை ஸ்டாக் 5 விநாடி பின்தங்கினால் யாருக்கும் தெரியாது. ஏலத் திரைக்கு அரை விநாடிக்குள் வேண்டும். முதலாளி "உடனே வரணும்" என்றால் அதை ஏற்றுக்கொண்டு எழுந்துவிடாதீர்கள்; ஓர் எண் வாங்கிக்கொண்டு வாருங்கள். கருவித் தேர்வில் பாதி அந்த எண்ணிலேயே முடிந்துவிடும்.

## "காலையில நல்லா ஓடுது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பில் வர மாட்டேங்குது"

நெரிசல் நேரத்திலேயே சர்வருக்குள் போய் சிபியு அளவைப் பாருங்கள். 20 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால், நிரல் வேலை செய்யவில்லை, எதற்கோ காத்திருக்கிறது என்று பொருள். காத்திருப்பவரை வேகமான மொழியில் எழுதினாலும் அவர் காத்துக்கொண்டேதான் இருப்பார்.

எதற்காகக் காத்திருக்கிறது? உங்கள் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி பட்டியலை எடுத்து, வெயிட்_ஈவண்ட்_டைப் என்ற பத்தியைப் பாருங்கள். அதில் வரிசையாக 'லாக்' (பூட்டு) என்று இருந்தால் ஒரு பரிவர்த்தனை (சேர்ந்தே முடிய வேண்டிய தரவுத்தள வேலைகளின் தொகுப்பு) மற்றவற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது. யார் மறிப்பது என்பதை பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் சொல்லிவிடும். மைசீக்வல் தரவுத்தளம் என்றால் ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ் கட்டளையைப் பாருங்கள். நெரிசல் ஓய்ந்தபின் பார்த்தால் எதுவும் சிக்காது. புகார் வரும் நேரத்திலேயே பார்க்க வேண்டும்.

பில்லிங் மென்பொருளில் அடிக்கடி அகப்படும் ஆசாமி பில் எண்தான். 'கடைசி பில் எண்' என்று அட்டவணையில் ஒரே ஒரு வரி. ஒவ்வொரு பில்லும் அந்த வரியைப் பூட்டி, ஒன்றைக் கூட்டி, பில்லைப் பதிந்து, ஸ்டாக்கைக் குறைத்து, வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பி, அதற்கப்புறம்தான் கமிட் செய்து (வேலையை உறுதிசெய்து) பூட்டை விடுகிறது. எஸ்எம்எஸ் நிறுவனத்தின் சர்வர் பதில் சொல்ல 3 விநாடி எடுத்தால், அந்த 3 விநாடியும் மற்ற கவுண்ட்டர்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்காக நிற்கின்றன. 8 கவுண்ட்டரில் ஒரே சமயத்தில் பட்டனைத் தட்டினால் எட்டாமவருக்கு 24 விநாடி கழித்துத்தான் பில் வரும். காலையில் ஒரு கவுண்ட்டர்தான் ஓடுகிறது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இதை கோ-வில் எழுதினாலும் ரஸ்ட்டில் எழுதினாலும் அதே 24 விநாடிதான்.

வெளியே போய்ப் பேசும் எந்த வேலையையும் பரிவர்த்தனைக்குள் வைக்காதீர்கள். எஸ்எம்எஸ், மின்னஞ்சல், இ-இன்வாய்ஸ் பதிவு எல்லாமே இதில் சேரும். 'அனுப்ப வேண்டியவை' என்று ஓர் அட்டவணை வைத்து, பில்லோடு சேர்த்து அதிலும் ஒரு வரி எழுதிக் கமிட் செய்துவிடுங்கள். பின்னணியில் ஓடும் தனி நிரல் அதை எடுத்து நிதானமாக அனுப்பட்டும். அவுட்பாக்ஸ் முறை என்பது இதுதான். இதற்குத் தனியாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

பில் எண்ணுக்கு தரவுத்தளத்தின் சீக்வென்ஸ் (அடுத்த எண்ணைத் தானே தரும்) வசதியைப் போட்டால் பூட்டே வராது என்று ஒருவர் சொல்வார். உண்மைதான். ஆனால் பரிவர்த்தனை பாதியில் ரத்தானால் அந்த எண் திரும்பி வராது. வரிசையில் ஓட்டை விழும். ஜிஎஸ்டி விதி 46 இன்வாய்ஸ் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, அந்த நிதியாண்டில் திரும்ப வரக் கூடாது என்கிறது. அதே விதி ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளையும் அனுமதிக்கிறது. ஆகவே கவுண்ட்டருக்கு ஒரு வரிசை கொடுத்துவிடுங்கள். பூட்டு இருக்கும், ஆனால் அவரவர் பூட்டு அவரவருக்கு மட்டும்.

பட்டியலில் பூட்டு எதுவும் இல்லை, ஆனால் 'டூ மெனி கிளையன்ட்ஸ்' என்ற பிழை பதிவாகியிருக்கிறதா? போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புதான் ஏற்கும்; ஒவ்வோர் இணைப்புக்கும் தனி ப்ராசஸ் (தனியாக ஓடும் நிரல்) வேறு. 100-ஐ 1000 ஆக்கி நினைவகத்தைக் காலி செய்வதற்குப் பதில் நடுவில், சில இணைப்புகளையே பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: அதன் டிரான்சாக்ஷன் முறையில் லிசன்-நோட்டிஃபை (தரவுத்தளமே நிரலுக்கு அறிவிப்பு அனுப்பும் வசதி) வேலை செய்யாது. பவுன்சர் போட்ட அன்றிலிருந்து நேரலை அறிவிப்பு நின்றுபோனால் காரணம் அதுதான். லிசனுக்கு மட்டும் நேரடி இணைப்பு ஒன்றை விட்டுவையுங்கள்.

இரண்டும் இல்லையென்றால், மெதுவாக ஓடும் கட்டளைக்கு எக்ஸ்பிளைன் அனலைஸ் போட்டு, தரவுத்தளம் எங்கே நேரம் செலவிடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்றது) இல்லாத அட்டவணை ஒன்று சிக்கும்.

## "ஒருத்தர் ரிப்போர்ட் எடுத்தா எல்லாருடைய திரையும் உறையுது"

இங்கே கருவியின் குணம் தெரிந்திருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டைச் சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ் உங்கள் நிரலை ஒரே திரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே வேலையாக, ஓட்டுகிறது. வலைக்காகவும் தரவுத்தளத்துக்காகவும் காத்திருக்கும் வேலையில் அது கெட்டி. ஆனால் ஐம்பதாயிரம் வரி எக்செல் கோப்பையோ பிடிஎஃப்-ஐயோ அதே ப்ராசஸில் தயாரித்தால், அது முடியும்வரை வேறு யாருக்கும் பதில் கிடைக்காது. சர்வரில் ஒரு கோர் 100 சதவீதம், மற்றவை சும்மா. இதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். இவன்ட் லூப் (வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டும் சுழற்சி) தாமதத்தை அளக்கும் வசதி நோட்டிலேயே இருக்கிறது, அதைப் பதிவில் எழுத வையுங்கள்.

பைத்தானில் இதற்கு வேறு முகம். ஃபாஸ்ட்ஏபிஐ என்ற வலைச் சட்டகத்தில் ஃபங்ஷனுக்கு முன்னால் 'அசிங்க்' என்று போட்டுவிட்டு, உள்ளே வெளித் தளங்களோடு பேசும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தை அழைத்திருப்பார்கள். அது காத்திருக்கும் நேரமெல்லாம் மொத்த லூப்பும் நிற்கும். 'அசிங்க்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் ஃபாஸ்ட்ஏபிஐ அதைத் தனித் திரெட்டில் ஓட்டிக்கொள்ளும். ஒரு சொல்லை நீக்கி வேகம் கிடைக்கும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ரிப்போர்ட் வேலையைத் தனி ப்ராசஸுக்குத் தள்ளுங்கள். முடிந்தால் அது படிப்பதையும் தரவுத்தளத்தின் படிப்பு நகலிலிருந்து படிக்கட்டும். மொழியை மாற்றத் தேவையில்லை. ஒவ்வொரு கோரிக்கையிலும் கணக்கு கனமாக இருந்தால், அதாவது ஆர்டர் வரும்போதெல்லாம் நூறு டெலிவரி வழிகளை ஒப்பிட்டு விலை சொல்ல வேண்டும் என்பது போல இருந்தால், அந்தப் பகுதியை கோ-வில் அல்லது ஜாவாவில் எழுதுவது நியாயம். அந்தப் பகுதியை மட்டும்.

## "திரை கொஞ்ச நேரம் ஓடுது, அப்புறம் சத்தமில்லாம நின்னுடுது"

பிழைச் செய்தி எதுவும் வராது. பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் ஓடும். ஆர்டர் வராமல் ஒரு நிமிடம் சும்மா இருந்தபின்தான் நிற்கிறதா என்று கவனியுங்கள். உங்கள் நிரலுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் எஞ்சின்எக்ஸ்-இன் ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட் இயல்பாக 60 விநாடி. சுமையைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமேசான் லோட் பேலன்சரின் சும்மா-இருப்பு எல்லையும் அதே 60. அந்த நேரத்தில் ஒரு பைட்டும் போகாவிட்டால் நடுவிலிருப்பவர் இணைப்பை வெட்டிவிடுவார். 25 விநாடிக்கு ஒருமுறை வெற்றுத் துடிப்பு ஒன்றை அனுப்பினால் போதும்.

வெட்டுப்பட்ட இணைப்பு திரும்ப ஒட்டிக்கொண்டாலும் சிக்கல் தீராது. இடையில் வந்த மூன்று ஆர்டர் எங்கே? திரை தான் கடைசியாகப் பார்த்த நிகழ்வின் எண்ணைச் சொல்ல வேண்டும். சர்வர் அதற்குப் பிந்தையவற்றைத் தர வேண்டும். இது இல்லாத நேரலைத் திரையை நம்பி சமையலறை நடத்த முடியாது.

இந்த வசதி எஸ்எஸ்இ-யில் (சர்வர் திரைக்கு ஒரு வழியாகத் தகவல் தள்ளும் முறை) கூடவே வருகிறது: உலாவி தானே திரும்ப இணைந்து, கடைசி நிகழ்வின் எண்ணையும் அனுப்பிவிடும். இருவழியாகப் பேசும் வெப்சாக்கெட்டில் நாமே எழுத வேண்டும். சர்வரிலிருந்து திரைக்கு ஒரு வழியாக மட்டும் தகவல் போகிற பலகைகளுக்கு எஸ்எஸ்இ போதும் என்பதே என் கட்சி. அதிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. தகவல் ஒவ்வொன்றாக வராமல் மொத்தமாகக் கொட்டினால், எஞ்சின்எக்ஸ் அதைத் தேக்கி வைக்கிறது. ப்ராக்ஸி_பஃபரிங்கை அந்தப் பாதைக்கு மட்டும் அணையுங்கள். ஒரே கணினியில் ஏழாவது டேப் திறக்காமல் சுற்றினால், பழைய எச்டிடிபி 1.1-இல் ஒரு தளத்துக்கு உலாவி 6 இணைப்புதான் தரும். எச்டிடிபி 2-க்கு மாறினால் சரியாகும்.

5 விநாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்கும் போலிங் முறையை யாரும் கேவலமாகப் பார்க்க வேண்டாம். 20 திரை, 5 விநாடிக்கு ஒருமுறை என்றால் விநாடிக்கு 4 கோரிக்கை. எந்த மலிவு சர்வரும் அதைக் கவனிக்கக்கூடச் செய்யாது. முதலாளி சொன்ன எண் 5 என்றால் வேலை முடிந்தது.

## "இருபது திரை திறந்தா இருபத்தொண்ணாவது திறக்கல"

இது கருவியின் குற்றமேதான். பிஎச்பி மொழி நிரல்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் ஒரு கோரிக்கைக்கு ஒரு ப்ராசஸைக் கொடுக்கிறது. கோரிக்கை உடனே முடிந்து போகும் பில்லிங், மாஸ்டர் பதிவு போன்றவற்றுக்கு அது அருமை. நாளெல்லாம் திறந்தே கிடக்கும் இணைப்பை அதில் வைத்தால், திரைக்கு ஒரு ப்ராசஸ் அப்படியே அடைபட்டுக் கிடக்கும். எஃப்பிஎம் பதிவில் 'மேக்ஸ் சில்ட்ரன்' (ப்ராசஸ்களின் உச்ச எண்ணிக்கை) எட்டிவிட்டது என்ற வரி இருக்கிறதா பாருங்கள்.

அதற்காக லாராவெல் என்ற பிஎச்பி சட்டகத்தில் எழுதிய மொத்தத்தையும் தூக்கிப் போடுவது வீண். பில்லிங் அங்கேயே இருக்கட்டும். திறந்த இணைப்புகளைத் தாங்க மட்டும் கோ-விலோ நோட்டிலோ சின்னதாக ஒரு நிரல் எழுதி, நடுவே ரெடிஸ் (தரவை நினைவகத்திலேயே வைக்கும் வேகமான கருவி) வைத்துப் பேச விடுங்கள்.

ஆயிரக்கணக்கான டெலிவரி பையன்களின் போன்கள் சதா இணைந்திருக்க வேண்டும் என்ற நிலை வந்தால் தேர்வு இன்னும் முக்கியமாகிறது. ஜாவாவின் பழைய பாணி திரெட் ஒவ்வொன்றும் தன் வேலை நினைவகத்துக்கு இயல்பாக 1 எம்பி ஒதுக்கும். கோ-வில் திரெட்டுக்குப் பதிலாக வரும் இலகுவான கோரூட்டீன் 2 கேபி-யில் தொடங்கும். 2023 செப்டம்பரில் வந்த ஜேடிகே 21 என்ற ஜாவா பதிப்பின் இலகுவான விர்ச்சுவல் திரெட்டுக்குப் பின் ஜாவாக்காரர்களும் இதற்காக வேறு வீடு தேட வேண்டியதில்லை. எர்லாங் என்ற மொழி பிறந்ததே இந்த வேலைக்குத்தான்: 1986-இல் எரிக்சன் நிறுவனத்தில், தொலைபேசி இணைப்பகங்களுக்காக. 2012-இல் வாட்ஸ்அப் அதைக் கொண்டு ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்பைத் தாங்கியது. அதே அடித்தளத்தில் எலிக்சர் இருக்கிறது, படிக்க எளிது. ஆனால் உங்கள் ஊரில் எலிக்சர் தெரிந்த இரண்டாவது ஆள் கிடைப்பாரா என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## "ஒரே பணம் ரெண்டு தடவை வரவாகுது, ஸ்டாக் மைனஸ்ல போகுது"

யுபிஐ பணம் வந்ததும் கேட்வே (பணம் பெற்றுத் தரும் இடைச் சேவை) உங்கள் சர்வருக்குத் தகவல் அனுப்புகிறது. நீங்கள் பதில் சொல்லத் தாமதித்தால் அது மறுபடி அனுப்பும். அது தவறு அல்ல, அதன் கடமை. காஃப்கா, அதைப் போலவே தகவல் கடத்தும் ராபிட்எம்கியூ எல்லாமே நடைமுறையில் 'குறைந்தது ஒரு முறை' தரும் கருவிகள்தான். காஃப்காவின் 'சரியாக ஒரு முறை' என்ற வாக்குறுதி காஃப்காவுக்குள் மட்டும் செல்லும். அனுப்பிவிட்ட எஸ்எம்எஸ்-ஐ அது திரும்பப் பெறாது.

பரிவர்த்தனை எண் பத்திக்கு யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாம் முறை வந்தால் தரவுத்தளமே தள்ளிவிடும். "ஏற்கெனவே இருக்கிறதா என்று செலக்ட் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கிறேன்" என்பவர்கள், இரண்டு தகவல் ஒரே கணத்தில் வந்தால் இரண்டும் 'இல்லை' என்ற பதிலைப் பெறும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஸ்டாக்கும் அப்படியே. அளவைப் படித்து, நிரலில் கழித்து, திரும்ப எழுதாதீர்கள். ஒரே அப்டேட் கட்டளையில் 'அளவு போதுமானால் மட்டும் கழி' என்று எழுதி, எத்தனை வரி மாறியது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் சரக்கு இல்லை.

## "ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே கேன்சல் வருது"

காஃப்கா தகவல்களைப் பார்ட்டிஷன் என்ற பிரிவுகளாகப் பிரித்து வைக்கிறது; ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் முன்பின் வரிசையைக் காக்கும். ஆர்டர் எண்ணை கீ-யாகக் கொடுத்தால் அந்த ஆர்டரின் எல்லா நிகழ்வும் ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும். ராபிட்எம்கியூவில் ஒரே க்யூவிலிருந்து நான்கு நிரல்கள் தகவல் எடுத்தால் யார் முதலில் முடிப்பார் என்று சொல்ல முடியாது.

இதன் பக்கத்துப் புகார் 'சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சில தகவல் காணாமல் போகிறது' என்பது. ரெடிஸின் பப்-சப் (வந்ததை அப்போதே கேட்பவர்களுக்குப் பரப்பும் வசதி) போட்டிருப்பீர்கள். கேட்க ஆள் இல்லாத நேரத்தில் வந்ததை அது வைத்துக்கொள்ளாது. 2018-இல் ரெடிஸ் 5.0-உடன் வந்த ஸ்ட்ரீம்ஸ் வைத்துக்கொள்ளும்.

## "எப்பவாவது ஒரு விநாடி நிக்குது, அப்புறம் தானா ஓடுது"

ஜாவா என்றால் ஜிசி (பயன்படாத நினைவகத்தைக் குப்பையாக அள்ளும் வேலை) பதிவை இயக்கி, நின்ற நேரமும் குப்பை அள்ளிய நேரமும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் முதலில் ஹீப் (ஜாவாவுக்கு ஒதுக்கிய நினைவகம்) அளவைக் கவனியுங்கள், பிறகு இசட்ஜிசி என்ற புதிய குப்பை அள்ளும் முறைக்கு மாறிப் பாருங்கள். ஜேடிகே 15 முதல் அது நிஜப் பயன்பாட்டுக்குத் தயார், 16 முதல் நிற்கும் நேரம் ஒரு மில்லி விநாடிக்கும் கீழே. இதற்காக சி பிளஸ் பிளஸ் பக்கம் ஓடுபவர்களுக்கு லண்டனின் எல்மேக்ஸ் பரிவர்த்தனை மேடையைக் காட்டலாம்: ஜாவாவிலேயே, வணிக விதிகளை ஒரே திரெட்டில் ஓட்டி, விநாடிக்கு 60 லட்சம் ஆர்டரைக் கையாண்டதாக 2011-இல் வெளிவந்தது. ரெடிஸ் வைத்திருந்து நின்றால், யாரோ 'கீஸ்' கட்டளையை நட்சத்திரக் குறியோடு ஓட்டியிருப்பார்கள்; அது எல்லாவற்றையும் தேடி முடிக்கும்வரை மற்றவை நிற்கும்.

## "நாள் கணக்குல சில பைசா உதைக்குது"

பணத்தை ஃப்ளோட்டில் (பின்னங்களைத் தோராயமாக வைக்கும் எண் வகை) வைத்திருக்கிறீர்கள். முழு எண்ணாகப் பைசாவில் வையுங்கள், அல்லது டெசிமல் வகையில். கூடவே இன்னொன்று: திரையில் நீளமான எண்களின் கடைசி இலக்கங்கள் மாறித் தெரிகிறதா? ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். எண்ணை எழுத்துச் சரமாக அனுப்புங்கள்.

'இன்றைய விற்பனை' நள்ளிரவில் பூஜ்யமாகாமல் அதிகாலை 5.30-க்கு ஆகிறதென்றால், சர்வர் யுடிசி (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) நேரத்தில் நாளைப் பிரிக்கிறது. இதற்காகவும் மொழியை மாற்றச் சொன்னவரைப் பார்த்திருக்கிறேன்.

## "புதுப் பதிப்பு போட்ட பிறகு ஒரு கவுண்ட்டர் மட்டும் வேற மாதிரி கணக்கு போடுது"

அந்தக் கவுண்ட்டரின் சர்வரில் பழைய நிரல் தங்கிவிட்டது. சிரிக்க வேண்டாம். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தில் 8 சர்வரில் 7-இல்தான் புது நிரல் ஏறியது. எட்டாவதில் கிடந்த பழைய பகுதி உயிர்பெற்று, முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம் வைத்தது. கோப்பைக் கையால் ஏற்றும் பழக்கம் இருந்தால், புது மொழிக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் தானியங்கி வெளியீட்டுக்குச் செலவிடுங்கள். ஒவ்வொரு திரையின் மூலையிலும் பதிப்பு எண் தெரியட்டும்; போனில் கேட்டுவிடலாம்.

## எல்லாம் பார்த்தாச்சு, மாற்றித்தான் ஆக வேண்டும்

லண்டன் பங்குச்சந்தை 2007-இல் மைக்ரோசாஃப்ட் டாட்நெட் அடிப்படையில் டிரேட்எலெக்ட் என்ற வணிக மென்பொருளைக் கொண்டுவந்தது. 2008 செப்டம்பரில் ஒருநாள் கிட்டத்தட்ட நாள் முழுக்க வணிகம் நின்றது. 2009-இல் இலங்கையின் மில்லேனியம்ஐடி நிறுவனத்தையே வாங்கி, அவர்கள் எழுதிய லினக்ஸ் மென்பொருளை 2011 பிப்ரவரியில் பிரதான சந்தையில் ஏற்றியது. வேகம் பல மடங்கு கூடியது. ஆனால் அதே பிப்ரவரியில் இன்னொரு நாள் வணிகம் சில மணி நேரம் நின்றது. கருவி மாற்றம் சரியான முடிவாக இருந்தும், மாற்றும் காலத்தின் ஆபத்து தனியாக இருந்தது.

மாற்றுவதென்றால் ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். அதுவும் பணம் புழங்காத பகுதியாக, நேரலைத் திரை மாதிரி. ஒரு கிளையில் போடுங்கள். பழையதும் புதியதும் ஒரே நிகழ்வுகளைப் பெற்று ஓடட்டும். இரவில் இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிடும் சின்ன நிரல் ஒன்று எழுதுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் இதைத் தொடங்க வேண்டாம். பில்லிங்கைத் தொடுவதாக இருந்தால், ஒரு மாத முடிவுக் கணக்கும், அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போக வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலும் இரண்டிலும் ஒத்துப்போகும் வரை பழைய சர்வரை அணைக்காதீர்கள்.